பிரிந்த காற்று கூடுவதில்லை

(அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள அறிவியல் ஆசிரியர்களே,

நான் உங்கள் துறைக்காரன் அல்ல. 32 ஆண்டுகள் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, திருகு முடுக்கி, கிரீஸ் துடைத்தே காலம் போயிற்று. கரும்பலகைக்கு முன்னால் நின்று ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது என் வேலையைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும். அந்த மரியாதை குறையாமல்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அறிவியல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இறக்கையின் குறுக்குவெட்டுப் படம் போட்டிருந்தாள். மேலே வளைவு, கீழே தட்டை. பக்கத்தில் விளக்கம்: முன்விளிம்பில் காற்று இரண்டாகப் பிரிகிறது. மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். பின்விளிம்பில் இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதால் மேற்காற்று வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். ஆகவே விமானம் எழும்புகிறது.

"தாத்தா, விமானப்படை சாகசக் காட்சியில சூர்யகிரண் விமானம் தலைகீழாப் பறக்குதே. அப்ப வளைவு கீழ வந்துடும்ல? அது ஏன் விழல?"

"கேள்வி சரி, நோட்டுதான் தப்பு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த கேள்வி வந்தது: "அப்ப பரீட்சையில எதை எழுதணும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

பிரிந்த காற்று ஏன் கூட வேண்டும்? இரண்டு துளிக் காற்றும் முன்விளிம்பில் கைகுலுக்கி, "பின்விளிம்பில் பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டா போகின்றன? அப்படிச் சேர்ந்தே ஆக வேண்டும் என்று இயற்பியலில் எந்த விதியும் இல்லை. நானும் பள்ளியில் இதைத்தான் படித்தேன். தொழிலுக்கு வந்த பிறகும் சில வருடம் இதையே நம்பிக்கொண்டிருந்தேன். வழிகாட்டி நூல்களிலும் காணொளிகளிலும் உலகம் முழுக்க உலவும் கதை இது. தவறு உங்களுடையது மட்டும் என்று சொல்ல வரவில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோல்கர் பாபின்ஸ்கி, 2003-ல் இயற்பியல் ஆசிரியர்களுக்கான இதழ் ஒன்றில் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டு விட்டு அனுப்பினால், மேலே போகும் புகையும் கீழே போகும் புகையும் எப்போது எங்கே இருக்கின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம். மேலே போன புகை பின்விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறது. கீழே போன புகை பின்தங்கியே நிற்கிறது. இரண்டும் சேர்வதே இல்லை. மேற்காற்று வேகமாகப் போவது உண்மைதான். ஆனால் ‘கூட வேண்டும்’ என்ற கதை கேட்பதைவிட அது மிக வேகமாகப் போகிறது.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. பயிற்சிப் பள்ளிகளில் பழகும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறத்தாழ 1,100 கிலோ, இறக்கைப் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். மேற்பரப்பு கீழ்ப்பரப்பைவிட 2 சதவீதம் நீளம் என்று வைப்போம். ‘ஒரே நேரத்தில் சேரும்’ கதைப்படி மேற்காற்று 2 சதவீதம் வேகமாகப் போகும். விமானம் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும்போது அதை பெர்னூலி சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். கிடைக்கும் தூக்குவிசை சுமார் 36 கிலோ எடையைத் தாங்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைத் தூக்கலாம். விமானம் தரையிலேயே நிற்கும்.

இன்னும் எளிய சாட்சி காகித விமானம். அதன் இறக்கை வெறும் தாள், மேலும் கீழும் ஒரே நீளம். 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணல்வெளியில் ரைட் சகோதரர்கள் 12 நொடி பறந்தார்களே, அந்த விமானத்தின் இறக்கையும் மெல்லிய துணி போர்த்திய வளைந்த சட்டம்தான். மேல்நீளத்துக்கும் கீழ்நீளத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. சாகச விமானங்கள் பலவற்றில் இறக்கையின் மேல்பாதியும் கீழ்பாதியும் அச்சு அசலாக ஒன்று.

பிறகு எதுதான் தூக்குகிறது?

பேருந்தில் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்று எழுதியிருப்பதால், கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்க்கச் சொல்ல மாட்டேன். வகுப்புக்கு ஒரு மேசை விசிறி கொண்டுவாருங்கள். ஒரு பிள்ளையின் பரீட்சை அட்டையை வாங்கி, விசிறிக்கு முன்னால் கிடைமட்டமாகப் பிடியுங்கள். ஒன்றும் நடக்காது. முன்விளிம்பை இரண்டு விரற்கடை உயர்த்துங்கள். அட்டை கையைத் தூக்கும். இன்னும் உயர்த்துங்கள், இன்னும் தூக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் தூக்குவது குறைந்து அட்டை பின்னோக்கித் தள்ளப்படும், படபடவென்று அடித்துக்கொள்ளும். மேலும் தட்டை, கீழும் தட்டையான அட்டை இது. தூக்கியது கோணம்.

பட்டம் விடும் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. காகிதம், இரண்டு குச்சி, நூல். அந்த நூலைப் பட்டத்தோடு கட்டும் முடிச்சில்தான் எல்லாம் இருக்கிறது. சென்னைப் பையன்கள் அதைச் சூத்திரம் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதன் பெயர் முச்சை. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பெரிய பெரிய பட்டங்கள் ஏறுகின்றனவே, ஒவ்வொன்றும் முச்சையின் தயவில்தான் ஏறுகிறது. முடிச்சை மேலே நகர்த்தினால் பட்டம் காற்றில் படுக்கும். கீழே நகர்த்தினால் நிமிரும். படுத்தால் இழுவை இல்லை, நிமிர்ந்தால் குத்துக்கரணம். காற்றைச் சந்திக்கும் கோணத்தை ஒரு நூல் முடிச்சில் பூட்டி வைக்கும் வித்தை அது. நாம் கரும்பலகையில் எழுதுவதற்கும் சூத்திரம் என்றே பெயர் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

தலைகீழாகப் பறக்கும் சூர்யகிரண் விமானிக்கும் அதே வித்தைதான். கவிழ்ந்த நிலையிலும் மூக்கை வானத்துப் பக்கமாக உயர்த்தி, இறக்கை காற்றைச் சரியான கோணத்தில் சந்திக்கும்படி பார்த்துக்கொள்கிறார். இறக்கையின் வளைவு அப்போது அவருக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. கூடுதல் கோணத்தால் அதை ஈடுகட்டுகிறார்.

கோணம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துயரமான உதாரணம் உண்டு. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447, அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். வேகமானியின் குழாய்களில் பனி அடைத்தது, அளவுகள் குழம்பின, விமானத்தின் மூக்கு உயர்ந்தது, உயர்ந்தபடியே இருந்தது. என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இறக்கையில் ஒரு கீறல் இல்லை, வளைவு அப்படியே இருந்தது. ஆனால் கோணம் எல்லை மீறியதால் காற்று இறக்கையை ஒட்டிப் போகாமல் பிய்த்துக்கொண்டது. எங்கள் தொழிலில் இதை ‘ஸ்டால்’ என்போம். மூன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வளைவுதான் விமானத்தைத் தூக்குகிறது என்று படிக்கும் பிள்ளைக்கு இந்த விபத்து கடைசி வரை புரியாது.

அப்படியானால் வளைவு எதற்கு? காற்று பிய்த்துக்கொள்ளாமல் ஒட்டி வழிந்து, கீழ்நோக்கித் திரும்பிப் போவதற்கு. இதைச் சமையலறையில் காட்டலாம். குழாயைத் திறந்து தண்ணீர் கம்பி போல் விழட்டும். ஒரு கரண்டியின் காம்பை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் முதுகு தண்ணீரில் படும்படி மெல்லக் கொண்டுபோங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கரண்டி தண்ணீருக்குள் இழுக்கப்படும். கீழே பாருங்கள்: முதுகின் வளைவை ஒட்டி வழிந்த தண்ணீர், ஒரு பக்கமாகத் திரும்பி விழுகிறது. தண்ணீர் ஒரு பக்கம் திரும்பிற்று, கரண்டி மறுபக்கம் போயிற்று. தண்ணீரின் ஒட்டும் குணமும் இதில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றாலும் பாடம் அதேதான். இறக்கை காற்றைக் கீழே திருப்புகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி.

இப்படிச் சொன்னதும் பெர்னூலியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. இறக்கைக்கு மேலே அழுத்தம் குறைவு என்பது சத்தியம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று அடிக்கும் நாளில் சென்னையில் இறங்கும் விமானத்தில் இறக்கையோர இருக்கை கிடைத்தால் கவனியுங்கள். இறக்கையின் மேல் வெள்ளைப் புகை போல் ஒன்று தோன்றித் தோன்றி மறையும். புதிதாகப் பறப்பவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று பதறியதைப் பார்த்திருக்கிறேன். அது புகை அல்ல, மூடுபனி. அழுத்தம் சட்டென்று குறைந்ததால் காற்று குளிர்ந்து, ஈரம் துளியாகத் திரண்டு நிற்கிறது. பெர்னூலி உங்கள் கண்முன்னால் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

ஏன் அங்கே அழுத்தம் குறைகிறது என்பதற்குத்தான் கதை வேண்டாம், காரணம் வேண்டும். காரணம் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது: மையநோக்கு விசை. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லை உள்நோக்கி இழுப்பது கயிறு. வளைந்து போகும் காற்றுக்குக் கயிறு யார்? அழுத்த வேறுபாடு. காற்று இறக்கையின் முதுகை ஒட்டி வளைய வேண்டுமென்றால் வளைவுக்கு வெளியே அழுத்தம் அதிகமாகவும் இறக்கையை ஒட்டிக் குறைவாகவும் இருந்தே ஆக வேண்டும். அந்தக் குறைவழுத்த இடத்தை நோக்கிப் பாய்வதால் காற்று வேகம் பிடிக்கிறது. நோட்டில் இருப்பதற்கு நேர்மாறான வரிசை இது. நியூட்டனும் பெர்னூலியும் எதிர்க்கட்சிகள் அல்லர். ஒரே கணக்கை ஒருவர் வரவுப் பக்கத்திலிருந்தும் மற்றவர் செலவுப் பக்கத்திலிருந்தும் கூட்டுகிறார்கள், தொகை ஒன்றாகவே வரும்.

அந்தத் தொகை எவ்வளவு சிறியது என்பது பிள்ளைகளை வியக்க வைக்கும். 78 டன் எடையோடு கிளம்பும் ஏர்பஸ் ஏ320-க்கு இறக்கைப் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீட்டர் இறக்கை ஏறக்குறைய 640 கிலோவைத் தாங்குகிறது. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றோ ஒவ்வொரு சதுர மீட்டரையும் 10,000 கிலோவுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அதில் 16-ல் ஒரு பங்கு வேறுபாடு கிடைத்தால் விமானம் எழுந்துவிடும்.

பல வகுப்புகளில் செய்யும் ஒரு சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாளின் ஓரத்தை உதட்டருகே பிடித்து மேலே ஊதினால் தொங்கும் தாள் எழும்புகிறது. "பார்த்தீர்களா, வேகக் காற்றில் அழுத்தம் குறைவு" என்போம். அதே தாளை நேராகச் செங்குத்தாகத் தொங்கவிட்டு ஒரு பக்கம் மட்டும் ஊதிப் பாருங்கள். தாள் அசையாது. வெறும் வேகம் தாளை இழுக்காது, வளைவு வேண்டும். முதல் சோதனையில் தாள் வளைந்து தொங்கியது, ஊதிய காற்று அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டி, ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள். அன்று வகுப்பில் தூங்குகிறவர் இருக்க மாட்டார்.

இனி, இந்த ஒரே சாவியை வைத்துக்கொண்டு விமான வகைகளைத் திறந்து காட்டலாம். பலூன், கிளைடர், ஹெலிகாப்டர், புரொப்பெல்லர் விமானம், ஜெட் என்று ஐந்து பெயர், ஐந்து படம், ஐந்து மனப்பாடம் வேண்டாம். ஒரே கேள்வி போதும்: இது எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது?

பலூன் மட்டும் இந்தக் கேள்விக்கு வெளியே நிற்கிறது. அது ஆர்க்கிமிடிசின் பிள்ளை. 1783 நவம்பர் 21 அன்று பாரிசில் மோங்கோல்பியர் சகோதரர்கள் செய்த பலூனில் இரண்டு பேர் கட்டுக்கயிறு இல்லாமல் பறந்ததிலிருந்து இன்றுவரை கணக்கு ஒன்றே. 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோ எடை. அதை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் கால் கிலோ குறைகிறது. 2,500 கன மீட்டர் பலூன் அறுநூறு கிலோவுக்கு மேல் தூக்கும், அதில் துணி, கூடை, எரிவாயு உருளை எடை போக நாலைந்து பேர் ஏறலாம். பொங்கல் சமயத்தில் பொள்ளாச்சியில் நடக்கும் பலூன் திருவிழாவில் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார்களே, காற்று அடங்கியிருக்கும் என்பது ஒரு காரணம். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு தூக்கு என்பது இன்னொன்று.

மற்றதெல்லாம் காற்றைத் தள்ளிப் பிழைப்பவை. இறங்க வரும் ஏ320 ஒன்றைப் பார்ப்போம். எடை 65 டன், வேகம் நொடிக்கு 70 மீட்டர், இறக்கை முனைக்கு முனை சுமார் 35 மீட்டர். அந்த அகலத்தை விட்டமாகக் கொண்ட ஒரு காற்றுக் குழாயை அது கீழே திருப்புகிறது என்று தோராயமாகக் கணக்கிட்டால், நொடிக்கு 80 டன் காற்று, மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் கீழே போகிறது. ஒவ்வொரு நொடியும் தன் எடையைவிட அதிகமான காற்றை, சைக்கிளை அழுத்தி மிதிக்கும் வேகத்தில் தள்ளிக்கொண்டே வருகிறது. இது வெறும் தாள் கணக்கு என்று நினைக்க வேண்டாம். அந்தக் காற்று சுழன்று சுழன்று நிற்கும். ஒரு பெருவிமானம் இறங்கிய பின் அதன் பின்னால் வரும் நடுத்தர விமானத்தை 5 கடல் மைல் தள்ளியே வரச் சொல்வது அதனால்தான்.

ஹெலிகாப்டர் இதே வேலையை நின்ற இடத்தில் செய்கிறது. விமானப்படையின் சாரங் சாகசக் குழு பறக்கவிடும் துருவ் ஹெலிகாப்டருக்கு எடை சுமார் 5.5 டன், சுழலியின் விட்டம் 13.2 மீட்டர். அந்தரத்தில் நிற்கும்போது நொடிக்கு இரண்டு டன் காற்றுதான் அதன் கைக்கு அகப்படுகிறது. அதை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கீழே வீசினால்தான் எடை தாங்கும். கீழே நிற்பவர் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால். சுழலியின் ஒவ்வோர் அலகும் ஓர் இறக்கைதான். விமானம் முழுதாக ஓடிக் காற்றைத் தேடுகிறது. ஹெலிகாப்டர் இறக்கையை மட்டும் ஓட விடுகிறது. சுழலி ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்க வாலில் ஒரு சிறு சுழலி. சினூக் போன்றவற்றில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு பெரிய சுழலிகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். என்ஜின் நின்றாலும் ஹெலிகாப்டர் கல்லாக விழாது. இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே சுழலியைச் சுற்றிவிடும். மகோகனி மரத்தடியில் விதை சுழன்று சுழன்று இறங்குவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

இப்போது பதினோராம் வகுப்பு ஆசிரியர்கள் கையில் சுண்ணாம்புக்கட்டியை எடுக்கலாம். தள்ளுவிசை, ஒரு நொடியில் தள்ளும் காற்றின் நிறையையும் அதன் வேகத்தையும் பெருக்கினால் வருவது. அதற்கு நொடிக்குச் செலவாகும் ஆற்றலோ அந்த நிறையோடு வேகத்தின் இருமடியைப் பெருக்கியதில் பாதி. இரு மடங்கு காற்றைத் தள்ளினால் விசையும் இரு மடங்கு, செலவும் இரு மடங்கு. காற்று அளவு அதேயிருக்க வேகத்தை இரட்டித்தால் விசை இரு மடங்கு, செலவு நான்கு மடங்கு. ஆகவே சிக்கனம் வேண்டுமா? நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளு. இந்த ஒரு வரியில் நூறாண்டு விமான என்ஜின் வரலாறு அடங்கிவிடும்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் ஏடிஆர் 72 விமானத்தின் புரொப்பெல்லரை அண்ணாந்து பாருங்கள். ஆறு அலகு, ஏறக்குறைய நான்கு மீட்டர் விட்டம். நிறையக் காற்று, மெதுவாக. குறைந்த தூரத்துக்கு இதைவிடச் சிக்கனம் இல்லை. "இன்னும் பழைய காலத்து விசிறி விமானமா?" என்று முகம் சுளிக்கும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த விசிறியைச் சுழற்றுவதும் ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற டர்பைன்தான். ஏ320நியோவில் வரும் லீப் என்ஜினின் முன்விசிறி இரண்டு மீட்டர் விட்டம். உள்ளே எரியறைக்குப் போகும் காற்று ஒரு பங்கு என்றால் அதைச் சுற்றிச் சும்மா தள்ளப்படும் காற்று 11 பங்கு. ஜெட் என்று பெயர் வைத்துக்கொண்டாலும் அது கூட்டுக்குள் உட்கார்ந்த விசிறிதான். தஞ்சாவூர்த் தளத்தில் நிற்கும் சுகோய் 30 போர்விமானத்தில் இந்த விகிதம் ஒன்றுக்கும் குறைவு. கொஞ்சம் காற்று, மூர்க்க வேகம். எரிபொருளைக் குடித்துத் தள்ளும். ஆனால் போர்விமானியின் கவலை டிக்கெட் விலை அல்ல.

கிளைடருக்கு என்ஜினே இல்லை. சரிவில் உருளும் சைக்கிள் போல, உயரத்தைக் கொடுத்துத் தூரத்தை வாங்குகிறது. நல்ல கிளைடர் ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் 50 கிலோமீட்டர் போய்விடும். பயணிகள் விமானமும் என்ஜின் நின்றால் கிளைடர்தான், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். இதை உலகத்துக்கு நிரூபித்த விமானம் ஒன்று உண்டு. "அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் போச்சு" என்று நீங்கள் சொல்லும்போது பிள்ளைகள் முணுமுணுத்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1983 ஜூலை 23. கனடாவில் ஏர் கனடா 143, புத்தம் புது போயிங் 767. நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை, கையால் கணக்குப் போட்டார்கள். தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக்க 0.8 என்ற கிலோ எண்ணுக்குப் பதில் 1.77 என்ற பவுண்டு எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். ஏறியது தேவையில் பாதிக்கும் குறைவு. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு என்ஜினும் அடுத்தடுத்து நின்றன. விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு சிறு காற்றாடி வெளியே வந்து சுழன்று, கட்டுப்பாடுகளுக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது. தலைமை விமானி ராபர்ட் பியர்சனுக்கு கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்தது. கிம்லி என்ற ஊரில், கார்ப் பந்தயத்துக்கு விட்டிருந்த பழைய விமானப்படை ஓடுதளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். கணக்கில் தவறிய அலகு கீழே இழுத்தது, காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே வந்த இறக்கை காப்பாற்றியது.

ஆசிரியர்களே, என் வேண்டுகோள் பெரிதல்ல. ‘ஒரே நேரத்தில் சேரும்’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். அதன் இடத்தில், ‘இறக்கை காற்றைக் கீழே திருப்புகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது’ என்று எழுதுங்கள். பெர்னூலி அங்கேயே இருக்கட்டும். அடுத்த பிரிவேளைக்கு ஒரு விசிறியும் ஒரு பரீட்சை அட்டையும் கொண்டுபோங்கள்.

உங்களில் ஒருவர் இதை எப்போதோ செய்து காட்டிவிட்டார். ராமேஸ்வரம் தொடக்கப்பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தினார். ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் புரியவில்லை என்றார். ஆசிரியர் கோபிக்கவில்லை. பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், பறக்கும் பறவைகளைக் காட்டி, இறக்கையும் வாலும் என்ன செய்கின்றன என்று பார்க்கச் சொன்னார். அந்த மாணவர் பின்னாளில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். அப்துல் கலாம் இந்தக் கதையைச் சொல்லாத மேடை குறைவு.

நான் அதைக் கேட்கும்போதெல்லாம் கலாமைவிட அவருடைய ஆசிரியரைத்தான் நினைத்துக்கொள்வேன். ‘புரியவில்லை’ என்ற ஒரு சொல்லுக்காக ஒரு வகுப்பையே கடலுக்குக் கூட்டிப்போன மனிதர். உங்கள் ஊரில் கடல் இல்லாவிட்டாலும் பருந்து இருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பரங்கிமலை இருக்கிறது, மேலே ஏறினால் மீனம்பாக்கம் ஓடுதளம் விரிந்து தெரியும்.

என் பேத்திக்கு அடுத்த வாரம் தேர்வு. இறக்கையைப் பற்றிக் கேள்வி வந்தால், ‘காற்றைக் கீழே திருப்புகிறது’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். "மார்க் போயிடுமே தாத்தா" என்றாள். போகாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல் கொடுத்த வாக்கு. காப்பாற்றித் தருவீர்கள் என்ற நம்பிக்கையில் முடிக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற விமானப் பராமரிப்பாளன் ஒருவன்